காப்புக் கட்டிய கை

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் தம்பி. போதும், போதும். ஜன்னல் ஓரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காற்று வேண்டாம், உட்கார இடம் இருந்தால் சரி. பையை மேலே திணித்துவிட்டேன். விழுந்துவிடுமோ என்று பார்க்கிறீர்களா? விழாது. கனமான பைதான், ஆனால் அழுத்தி வைத்திருக்கிறேன்.

ஆலம்பாடிப் பிரிவு உங்களுக்குத் தெரியுமா? ஆற்றுப்பாலம் தாண்டியதும் வரும் என்று கண்டக்டர் சொன்னான். சொன்னவன் முன்பக்கம் போனவன்தான், இந்தக் கூட்டத்தில் இனி எங்கே வரப்போகிறான். நீங்கள் அதையும் தாண்டிப் போகிறவரா? நல்லதாகப் போயிற்று. வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு எழுத்துப் படிக்க வராது. போர்டு பார்த்து இறங்குகிற வித்தை எனக்கு இல்லை.

காலேஜ் படிக்கிறீர்களா? மடியில் வைத்திருக்கிற பையைப் பார்த்ததுமே நினைத்தேன். லீவு விட்டாயிற்று, வீட்டுக்குப் போகிறீர்கள். போங்கள். போய் அப்பாவோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடுங்கள். அதுதான் முக்கியம். என் மகளும் காலேஜ்தான். கோகிலவாணி. போன வருடம் இதே மாதிரி லீவு விட்டு வந்தாள். வந்த நாளிலிருந்து ஒரு நிமிடம் உட்கார்ந்தாளா என்று கேளுங்கள். உட்காரவில்லை தம்பி. அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

எனக்குக் கரட்டுப்பட்டி. கறிக்கடை மாசி என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். மாசிலாமணி என்று பெயர் வைத்தார்கள், கூப்பிட்டவர் யாரும் இல்லை. மகள் வருகிறாள் என்று அன்றைக்கு ஈரல் முழுவதையும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்தேன். கேட்டு வந்த ஆசிரியரைக்கூட இல்லை என்று அனுப்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். பையை வைத்தாள். "அம்மா, கைய நீட்டு" என்றாள். பொன்னுத்தாயி கையை நீட்டினாள். பொன்னுத்தாயி என் வீட்டுக்காரி. மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கும். தீபாவளிக்கு முன்னால் ஒரு சண்டையில் உலக்கை பட்டது. நான் அவள் முதுகுக்குத்தான் ஓங்கினேன், கையைக் கொண்டுவந்து குறுக்கே வைத்தது அவள். வைக்காமல் இருந்திருந்தால் எலும்பு முறிந்திருக்காது. அதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

மகள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈரலைத் தொடவே இல்லை. மறுநாள் காலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள், எலும்பைப் படம் எடுக்க. அது முடிந்ததும் இன்னொரு நாள் ஆதார் கார்டுக்குப் போட்டோ மாற்ற. பிறகு பாங்கிக்கு. இன்னொரு நாள் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள், அம்மாவுக்கு ஒரே தடவையில் நாலைந்து ஜாக்கெட். கல்யாணமா காட்சியா? வீட்டில் இருந்த கோழிகளைப் பிடித்துப் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவிடம் விட்டாள். "ஏம்மா?" என்று கேட்டேன். "அம்மாவுக்குக் கை வலிக்குதுல்ல, குனிஞ்சு கூட்ட முடியல" என்றாள். நியாயம்தானே. மத்தியானம் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் அம்மாவுக்குப் போன் அமுக்கச் சொல்லிக் கொடுப்பாள். லீவு விட்டால் மற்ற பிள்ளைகள் டிவி முன்னால் கிடக்கும். என் பிள்ளை பம்பரம். அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னேன், "எம் பொண்ணு வந்து வீடே ஒழுங்காயிருச்சு"ன்னு.

பெருமைதான். ஆனால் எனக்கு ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருக்கும். பெற்றவனிடம் நாலு வார்த்தை பேச நேரம் இல்லை, ஜாக்கெட்டுக்கு நேரம் இருக்கிறது.

அந்த எரிச்சலில் ஒருநாள் சாயங்காலம் கொஞ்சம் தகராறு ஆயிற்று. அன்றைக்குக் குடித்திருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. கறி வெட்டுகிறவனுக்கு அந்த வாடை போக ஏதாவது வேண்டாமா? வீட்டுக்கு வந்தால் சோறு ஆறிக் கிடக்கிறது. தாயும் மகளும் உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். நானே கேட்கிறேன், உங்கள் வீட்டில் நீங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? தட்டைத் தூக்கி எறிந்தேன். பொன்னுத்தாயி தலைமுடியைப் பிடித்துச் சுவரில் ஒரு தடவை, இரண்டு தடவை. அவ்வளவுதான். அவள் கத்தமாட்டாள், அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை. மகள்தான் நடுவில் வந்தாள். "அப்பா, விடுங்க! விடுங்கப்பா!" நடுவில் வந்தால் படத்தானே செய்யும். ஓர் அறை. காதில் கம்மல் மாட்டி மடல் கிழிந்துவிட்டது. ரத்தம் கழுத்து வரைக்கும் ஓடியது. அந்தக் கம்மல் வாங்கியபோதே சொன்னேன், கொக்கி வைத்தது வேண்டாம், திருகாணி வாங்கு என்று. கேட்டால்தானே.

வெள்ளையம்மா மஞ்சளை அரைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மாசி, நீ மனுசனா இல்ல உன் கடையில தொங்குற உடம்பா?" என்றாள். பொம்பளை, வாய் அதிகம். விட்டுவிட்டேன்.

ஆனால் மறுநாள் காலையில் நடந்ததைக் கேளுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு என் மகளே எனக்கு டீ கொண்டுவந்தாள். கோபமே இல்லை. என் எதிரில் உட்கார்ந்தாள். லீவுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்த வருசம் மாரியம்மனுக்கு நீங்க தீச்சட்டி எடுக்கணும்" என்றாள்.

டீயைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் தீச்சட்டி எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்கு முன்னால் காப்புக் கட்ட வேண்டும், மஞ்சள் கிழங்கு கோத்த நூல், வலது மணிக்கட்டில். கட்டிய நாளிலிருந்து அவிழ்க்கிற நாள் வரைக்கும் கறி கிடையாது, சாராயம் கிடையாது, பொம்பளை கிடையாது. காப்புக் கையால் ஓர் எறும்பைக்கூட அடிக்கக் கூடாது. என்னைப்போல ஒருவனைப் போய் யார் கேட்பார்கள்? ஊரில் ஒருத்தனும் கேட்டதில்லை. என் மகள் கேட்டாள்.

"எனக்கெதுக்கும்மா? நான் கத்தி புடிக்கிறவன்" என்றேன்.

"உங்க கோவத்தையெல்லாம் அம்மன் வாங்கிக்கிடும்பா" என்றாள்.

அன்றைக்கே பூசாரியிடம் என்னை அழைத்துப் போனாள். சடையப்பப் பூசாரி, எண்பதைத் தாண்டிய கிழவர். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "என்னடா மாசி, ஆடே மாலை போட்டுக்கிட்டு வந்திருக்கு?" என்றார். மகள் சிரிக்கவில்லை. அவள் முறையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எவ்வளவு அக்கறையாகக் கேட்டாள் தெரியுமா!

"தாத்தா, காப்புக் கட்டினவங்க ஊர் எல்லையைத் தாண்டலாமா?"

"ஆத்தாடி! எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது தாயி. செல்லாண்டின்னு ஒருத்தன், காப்புக் கையோட சந்தைக்குப் போனான். திரும்பி வரையில ரெண்டு கண்ணுலயும் அம்மை பூத்து வந்தான். சாகுற மட்டும் குருடு."

"அவசரம்னா கூடவா? ஒரே ஒரு எட்டு வச்சாக்கூடவா தாத்தா?"

"எட்டென்ன, கட்டை விரல் வச்சாலும் போச்சு."

"வீட்டுல இருக்கவங்களுக்கும் இதே மாதிரியா?"

"காப்பு யார் கையில இருக்கோ அவனுக்கு மட்டும்தான்."

படித்த பிள்ளைகளுக்குச் சாமி, பூதம் ஒன்றும் கிடையாது என்கிறார்கள். என் மகளைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அப்பனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இத்தனை கேள்வி கேட்கிற பிள்ளை எங்கே இருக்கிறது? வரும் வழியிலேயே மஞ்சள் வேட்டி வாங்கினாள். சட்டி அவளே போய்க் குயவர் வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். சொன்னேனே, பம்பரம்.

காப்புக் கட்டிய அன்றைக்கு ஊரே கோயிலில் கூடியிருந்தது. உறுமியும் தப்பும் காதைக் கிழிக்கிறது. பூசாரி என் கையில் மஞ்சள் நூலைக் கட்டினார். திரும்பிப் பார்க்கிறேன், மகள் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்கிறாள். முடிச்சுப் போடுகிற வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் போய்விட்டாள். வீட்டில் பானகம் கரைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் பூட்டு.

"எங்கடி போனாளுக?" என்று வெள்ளையம்மாவைக் கேட்டேன். அவள் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டே, "பஸ் ஏறப் போயிருக்காங்க" என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஓடினேன் தம்பி. மஞ்சள் வேட்டி, கழுத்தில் வேப்பிலை மாலை, அப்படியே ஓடினேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் எங்கே இருக்கிறது தெரியுமா? எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம். கல்லிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, எச்சில் துப்பினால் விழுகிற தூரம். பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீக்கடையில் இருந்தான். ஜன்னலோரம் பொன்னுத்தாயி, புது ஜாக்கெட் போட்டிருந்தாள். பக்கத்தில் மகள்.

நான் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். "ஏய் பொன்னுத்தாயி! எறங்குடி!"

என் குரல் கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். அதுதான் பொன்னுத்தாயி. கூப்பிட்டால் எழுந்து வருவாள், எத்தனை வருடப் பழக்கம்! மகள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வளைந்த கை இல்லை, மற்ற கை.

காலைத் தூக்கினேன். தூக்கிய காலை எங்கே வைப்பது? டீக்கடையிலிருந்து ஒருத்தன் கத்துகிறான், "அண்ணே, காப்பு! காப்பு! கண்ணு போயிரும்ணே!" ஓடி வந்து இரண்டு பேர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நான் சாமிக்குப் பயந்தவன். என்ன செய்தாலும் அதை மட்டும் மீறியதில்லை. தூக்கிய காலை இந்தப் பக்கமே வைத்தேன்.

மகள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை, கையும் ஆட்டவில்லை. கட்டி வைத்த மாட்டின் கயிறு தாங்குமா என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு பார்வை. டிரைவர் டீயைக் குடித்துவிட்டு வந்து ஏறினான். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கதவை உடைத்தேன். பானை, டிவி, பீரோ, ஒன்றையும் விடவில்லை. கிரைண்டரைத் தூக்கி வாசலில் போட்டேன். வெள்ளையம்மா வந்து, "சாமி காப்பைக் கையில வச்சுக்கிட்டு ஏண்டா இப்படி ஆடுற? போனவளுக நல்லாருக்கட்டும்னு விடு" என்றாள். அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது! அடித்தேன். இடது கையால்தான் அடித்தேன். காப்பு வலது கையில் இருந்தது, அதை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டேன். ஒரு குற்றமும் வராமல் பார்த்துத்தான் அடித்தேன். அவளுக்கு உதடு கிழிந்து இரண்டு பல் ஆடிப்போயிற்று. அவள் புருஷன் மண்வெட்டிக் காம்போடு வந்தான். இதோ பாருங்கள், இந்தப் புருவத் தழும்பு அவன் கொடுத்ததுதான். அவனையும் இடது கையால்தான் சமாளித்தேன். இடது கையால் என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள்.

ஆனாலும் தீச்சட்டி எடுத்தேன். நெருப்பு கையைச் சுடவில்லை. பூ மாதிரி இருந்தது. ஊரே வாயைப் பிளந்தது. அதைப் பார்க்க என் பிள்ளைக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வளவு ஆசைப்பட்டு எனக்குக் காப்புக் கட்டவைத்தவள்! யாரோ அவள் மனதைக் கெடுத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் என்னவோ சொல்லிக் கூட்டிப் போய்விட்டார்கள். இல்லாவிட்டால் இருந்து பார்த்துவிட்டுத்தான் போயிருப்பாள்.

டீக்கடையில் ராசு என்று ஒரு பயல் இருக்கிறான். காப்பு அவிழ்த்த பிறகு ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டான், "மாட்டைக் கயித்துல கட்டுவாங்க மாப்ள, உன்னைய நூலுல கட்டிப்போட்டுட்டுப் போயிருக்காளே உம் பொண்ணு! மூளைக்காரி!" எல்லாரும் சிரித்தார்கள். கையில் இருந்த டீ கிளாஸை அவன் முகத்தில் உடைத்தேன். கன்னத்தில் இன்னும் கோடு இருக்கிறது. என் பிள்ளை அப்படிப்பட்டவள் இல்லை தம்பி. சாமி காரியத்தில் யாராவது சூது செய்வார்களா?

காப்பு அவிழ்த்த அன்றைக்குக் கிடா வெட்டு. ஊர்க் கிடா எல்லாம் என் கையால்தான் விழும். அன்றைக்கு என் கை நிற்கவில்லை. வரிசையாகக் கொண்டுவருகிறார்கள், நான் வெட்டிக்கொண்டே இருக்கிறேன். கோயில் வாசல் சேறாகிவிட்டது. கடைசிக் கிடா மட்டும் ஒரே வெட்டில் விழவில்லை. பாதிக் கழுத்தோடு எழுந்து நின்று என்னைப் பார்த்தது. தப்பு அடித்தவன் நிறுத்திவிட்டான். எனக்கு அப்படி ஆனதே கிடையாது. ஒரே வெட்டு, அதுதான் என் தொழில் மரியாதை. ஆட்டுக்குக்கூட நோகக் கூடாது என்று நினைக்கிறவன் நான்.

அதற்குப் பிறகு தேடாத இடம் இல்லை. மச்சான் வீட்டுக்குப் போனேன். பொன்னுத்தாயியின் அண்ணன். கையை முறுக்கி முதுகில் ஏற்றிக் கேட்டேன். தெரியாது என்றான். எலும்பு சத்தம் கேட்ட பிறகும் தெரியாது என்றான். அவன் உண்மையிலேயே தெரியாதவன் போலிருக்கிறது, பாவம். காலேஜுக்குப் போனேன், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அப்பன் என்று சொன்னேன். அப்பன் என்றால் கண்டிப்பாக விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம்! இதை எங்கே போய்ச் சொல்வது?

இந்த வருடமும் காப்புக் கட்டச் சொன்னார்கள். போன வருடம் நெருப்பு சுடவில்லை அல்லவா, ஊரில் எனக்கு இப்போது ஒரு மதிப்பு. வேண்டாம் என்றுவிட்டேன். ஏனென்றால் போன சந்தையில் ஓர் ஆட்டு வியாபாரி சொன்னார், ஆலம்பாடியில் ஒரு பொம்பளைப் பிள்ளைகள் ஹாஸ்டல் இருக்கிறதாம், அங்கே பொன்னுத்தாயி சமையலுக்குக் காய் நறுக்குகிறாளாம். மணிக்கட்டு வளைந்த பொம்பளை என்று அடையாளம் சொன்னார். மகளும் லீவுக்கு அங்கேதான் வருவாளாம். லீவு விட்டாயிற்று அல்லவா? இன்றைக்கு இரண்டு பேரும் இருப்பார்கள்.

என்ன செய்யப் போகிறேன் என்றா கேட்கிறீர்கள்? கூப்பிடப் போகிறேன். கூப்பிட்டால் வருவாள், அவள் எழுந்து நின்றதை நானே பார்த்தேனே. வராவிட்டால்? வராமல் எப்படி இருப்பாள் தம்பி? எனக்குப் பொண்டாட்டி, எனக்குப் பிள்ளை.

பையிலா? தொழில் சாமான்தான். வெட்டுக்கத்தி ஒன்று, தோல் உரிக்கிற கத்தி ஒன்று. நேற்றுச் சாணை பிடித்தேன். ரோமம் விழுந்தால் இரண்டாகும். சும்மா, கூடவே இருக்கும். கை பழகிவிட்டது. போன வருடம் இந்தக் கையில் காப்பு இருந்தது, இந்த வருடம் ஒன்றும் இல்லை. பாருங்கள், சும்மா இருக்கிறது.

ஏன் தம்பி வேர்க்கிறது உங்களுக்கு? ஜன்னலை நன்றாகத் திறங்கள்.

என்ன? இங்கேயா? வந்துவிட்டதா? பாலம் வரவில்லையே. ஓகோ, பாலத்தில் வேலை நடக்கிறதா? பஸ் சுற்றிப் போகுமா? கண்டக்டர் அப்படிச் சொல்லவில்லையே. அவன் புது ஆளா! அதுதானே பார்த்தேன், மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த மண்பாதையில் நேராக நடந்தால் ஹாஸ்டல் வந்துவிடுமா? போர்டில் ஆலம்பாடி என்றுதான் எழுதியிருக்கிறதா? சரி, சரி. நல்லவேளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பை! இருங்கள், பையை எடுத்துவிடுகிறேன். கூட்டத்தில் இழுக்க வேண்டாமா? நான் இறங்கிய பிறகு ஜன்னல் வழியாகத் தருகிறீர்களா? தங்கமான பிள்ளை. என் மகளும் இப்படித்தான் தம்பி, நாம் யோசிப்பதற்குள் அவள் வேலையை முடித்திருப்பாள். உங்களைப் பெற்றவர் கொடுத்துவைத்தவர். வழி விடுங்கம்மா, வழி விடுங்க, இறங்க வேண்டும்!

தம்பி! இந்தப் பக்கம்! இதோ நிற்கிறேன்! பையை நீட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். மேலே, கம்பிக்கு அடியில், பச்சைப் பை. விசில் கொடுத்துவிட்டானே! ஏய், நிறுத்துப்பா! தம்பி, பை! என் பை! கண்டக்டர்! ஏன் தம்பி உட்கார்ந்தே இருக்கிறீர்கள்? எழுந்து எடுங்கள்! தம்பி...

ஏன் தம்பி என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?